ஒரே சுமை

சாரமா தீவின் மேற்குக் கரையில்
ஒருகாலத்தில் விலாங்குக்குப் புகைபோட்ட கொட்டகை
இப்போது எங்கள் வானொலி நிலையம்.
மழை பிடித்தால் இன்றும்
மைக்கில் மீன் மணக்கும்.

மேசைமேல் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள்.
கிளப்பில் பணம் இருப்பதோ ஒன்றுக்கு.

உர்மாஸ் விற்க வந்தது வால்வு வைத்தது,
பதினோரு வருடம் உழைத்தது,
முப்பத்தெட்டுக் கிலோ.
இறக்கி வைத்ததும் மேசை முனகிற்று.
"கேட்டீர்களா?" என்றார்,
மேசையே சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டதுபோல.

மற்றதைக் குரெஸ்ஸாரெ கடையிலிருந்து
சோதிக்கக் கொண்டுவந்தவள் மாரெட்.
பெட்டி பிரித்துப் பதினோரு நாள்.
ஒற்றைக் கையில் தூக்கி வந்தாள்.
இவ்வளவு லேசா என்று
யாரோ சொன்ன அந்த நொடியில்
பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.
எழுதியது நான்தான்.
குறிப்பேடு என்னிடம் இருந்தது.

எடை டிரான்ஸ்ஃபார்மருக்கும் உண்டு,
கிழங்கு மூட்டைக்கும் உண்டு.
தெரியாதவள் இல்லை நான்.
ஆனாலும் உர்மாஸின் பெட்டியில்
அந்தக் குமிழ் திரும்பும் சுகம் இருக்கிறதே,
வெண்ணெயில் இறங்கும் கத்தி.
விரல்கள் லஞ்சம் வாங்கிவிட்ட பிறகு
கண் என்ன செய்யும்?

மாரெட் சும்மா இருப்பவளா?
பழையதன் மூடியை மட்டும் திறந்தாள்.
"தூசியைப் பாருங்கள்."
பார்த்தோம்.
தன் பெட்டியின் திருகுகளை
அவள் தொடவே இல்லை என்பதை
எவரும் பார்க்கவில்லை.

பிறகு போலிச் சுமையில் மாட்டி ஓட்டினோம்.
இரண்டும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுமை.
பத்தே நிமிடத்தில் புதியது சூடேறி
தானாகப் பவரைக் குறைத்துக்கொண்டது.
பழையது குறட்டை விட்டபடி நின்றது.
எழுதினேன்:
கட்டுமானம், உர்மாஸ்.
அடியில் இரண்டு கோடு.

காப்பிக்கு எழுந்தபோது கால் இடறிற்று.
நீட்டிப்பு வயர்.
இருபத்தைந்து மீட்டர், பாதி இன்னும் சுருளிலேயே,
தொட்டால் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி.
அதன் மறுமுனையில் புதியது.
புதியதன் முதுகுக்கு ஓரடி பின்னால்
விறகடுப்பு.
பழையதற்கோ சுவரில் சொந்த பிளக்,
சன்னல் இடுக்கில் பால்டிக் காற்று.

யாரும் சூது செய்யவில்லை.
முதலில் வந்தவர் நல்ல இடத்தில் வைத்தார்,
அவ்வளவுதான்.
ஓரவஞ்சனைக்கு வஞ்சகன் வேண்டியதில்லை,
ஓர் ஓரம் போதும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
காப்பி ஆறும்வரை
அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மறுபடியும்.
ஒரே பிளக், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்க.
ஒரே சுமை, ஒரே வாட், ஒரே அரைமணி.
அடுப்பை மூட்டவில்லை;
ஹெல்டுர் கம்பளித் தொப்பியோடு மணி பார்த்தார்.
முகப்புகளை மறைக்க இரண்டு கிழங்குச் சாக்கு.
பிறகு பிளக்கைப் பிடுங்கி,
மின்தேக்கிகள் வடியப் பொறுத்திருந்து
இரண்டு மூடிகளையும் கழற்றினோம்.
தூசியை ஊதித் தள்ளினோம்.
தூசி வயது.
கட்டியவன் குற்றம் அதற்குக் கீழே இருந்தால்
அதைப் பேசலாம்.

இருந்தது.
பழையதில் ஓர் ஈயப்பற்று பழுப்பேறி,
விரல் வைத்தால் ஆடும் ரிலே.
புதியதில் வெப்பத் தகட்டைப் பிடித்த நான்கு திருகில்
ஒன்று மரை போனது,
பதினோரே நாளில்.
மாரெட் காது சிவந்தாள்.
உர்மாஸ், இருமல் வராமலே, இருமினார்.

அரைமணியும் தளராமல் நின்றது புதியது.
பழையது இருபத்திரண்டாம் நிமிடம் ரிலே படபடத்து அடங்கியது.
முந்தைய நாளின் இரண்டு கோட்டை அடிக்கவில்லை;
பக்கத்தில் எழுதினேன்: வயர், அடுப்பு, நான்.

மாரெட் கொண்டுவந்ததைத்தான் வாங்கினோம்,
அந்தத் திருகை மாற்றித் தந்த பிறகு.
உர்மாஸின் குமிழுக்காக
என் ஆள்காட்டி விரல் இன்னும் ஏங்குகிறது.

அக்டோபர் போட்டியில், நள்ளிரவு தாண்டி,
அசோர்ஸ் தீவிலிருந்து ஒரு குரல்
இரைச்சலில் முக்கால் முழுகி வந்தது.
"ஃபைவ் நைன்" என்றது எங்களை.
"ஃபைவ் நைன்" என்றேன் நானும்.
போட்டியில் எவருக்கும் எவரும்
தரும் மதிப்பெண் அதுதான்.

குறிப்பேட்டில் ஏற்றினேன்.
அடியில் கோடு போடவில்லை.